அண்ணன் செய்த உபகாரம்

அண்ணியின் பிழைப்பு பாறையில்தான். கடல் வற்றும் நேரம் பார்த்து வாளியும் கத்தியுமாக இறங்கிப் பாசி அறுப்பார், நத்தை பொறுக்குவார். காய்ச்சல் என்றாலும் போவார். வீட்டில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பதைவிட அது மேல் என்பார்.

ஒருநாள் கடல் நட்சத்திரம் ஒன்று நத்தையைக் கவ்விக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கு முன்னாடியே இதுங்க தின்னுடுது" என்று சாப்பாட்டு நேரத்தில் அலுத்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணி சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாத என் அண்ணன், அதை மட்டும் போட்டுக்கொண்டார். மறுநாளே சாக்கோடு போய், பாறையில் இருந்த நட்சத்திரங்களை ஒன்று விடாமல் பிடுங்கி வெயிலில் கொட்டிவிட்டார். "எல்லாம் உனக்காகத்தான்" என்றார். அண்ணிக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பிறகுதான் வினை. நட்சத்திரத்துக்கு முக்கியத் தீனி கறுப்புச் சிப்பி. நத்தையெல்லாம் சும்மா கொறிக்க. தின்ன ஆளில்லாமல் போனதும் சிப்பி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பாறையையே மூடிவிட்டது. பாசி ஒட்ட இடமில்லை, பாசியை மேயும் நத்தைக்கு இரையில்லை. அந்தச் சிப்பியையாவது விற்கலாம் என்றால், நெருக்கியடித்து வளர்ந்ததில் உள்ளே சதையே இல்லை. சுரண்டிச் சுரண்டி அண்ணிக்கு விரல்தான் கிழிந்தது. வெறும் வாளியோடு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவார்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்களேன் அண்ணி."

"என்னன்னு சொல்றது? எனக்குன்னு ஆசையா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் தப்புன்னு சொல்லவா?"

அண்ணன் கை படாத, வேறு ஆட்கள் பாசி அறுக்கும் அடுத்த பாறையில் நட்சத்திரமும் இருந்தது, பாசியும் நத்தையும் இருந்தன. அதைப் பார்த்துத்தான் அண்ணிக்கு விஷயமே புரிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து, வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக நட்சத்திரங்களைக் கொண்டுவந்து தன் பாறையில் விட்டார். மாதக்கணக்கில் இதே வேலை. கடைசியில் சிப்பிக்கு நடுவே அங்கங்கே கல் தெரிந்தது, பச்சையாகப் பாசியும் துளிர்த்தது.

நேற்று சாயங்காலம் அண்ணன் ஈரச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் தொப்பென்று போட்டார். வாயெல்லாம் பல்.

"மறுபடியும் வந்துடுச்சு பார்த்தியா? நீ சொல்லணுமா என்ன, நானே எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்."

அண்ணி சாக்கைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"அதுங்களை அங்க கொண்டுபோய் விட்டதே நான்தாங்க!"

அண்ணனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்க மனசு நோகுமேன்னு..." என்று ஆரம்பித்த அண்ணி, முடிக்க முடியாமல் அழுதுவிட்டார்.