பெரியப்பா என்றதால் வந்த வினை

திருவனந்தபுரத்தில் ஒரு நர்ஸை வேண்டாமென்று சொல்ல வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். "சிஸ்டரே, ஒரு காரியம் பறயட்டே?" என்று பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துவார்கள். எங்கள் வள்ளியூர்ப் பக்கமென்றால் வராந்தாவிலேயே நின்று, "அந்தப் பிள்ளைய இனிமே எங்க கட்டிலுக்கு அனுப்பாதீங்க" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொல்லிவிடுவார்கள். சண்டை போட்டால் சமாதானம் பண்ணலாம், சிரித்தால் என்ன செய்ய? வார்டுப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் உட்காரவைத்துக் கேட்பேன்: குறை கையிலா, வாயிலா? பாதிப் பேருக்கு அப்படிக் கேட்டதுமே மனசு ஆறிவிடும்.

போன மாதம் அந்த 'வேண்டாம்' எனக்கே வந்தது.

வள்ளியூரிலிருந்தே ஒரு பெரியவர், இடுப்பில் படுக்கைப்புண்ணோடு வந்து சேர்ந்தார். ஊர்ப்பேச்சு காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பெரியப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே துடைத்துவிடப் போனேன். போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "ஷைனி சிஸ்டரே பாக்கட்டும்க்கா" என்றான்.

வயிறு எரிந்தது. ஷைனி இந்த ஊர்க்காரி. தமிழில் அவளுக்குச் சாப்பாடு என்ற சொல்லைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

"எங்கிட்ட என்னப்பா குறை?"

"குறையெல்லாம் இல்லக்கா. நீங்க பெரியப்பான்னுட்டீங்க. மவ முறை ஆயிட்டவ முன்னால துணிய எப்படி விலக்கன்னு அழுதாரு. அந்தச் சிஸ்டர் அச்சா அச்சான்னு இந்தியில என்னமோ சொல்லுது. அதுல அவருக்கு ஒண்ணும் தோணல."

அச்சா என்றால் மலையாளத்தில் அப்பா! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ஷைனியையும் தொட விடமாட்டார், புண் அழுகிப்போகும். நர்ஸ் படிப்பு முடித்து ஊருக்குப் போன என்னை, படுக்கையில் கிடந்த என் அப்பாவும் இப்படித்தான் அறைக்கு வெளியே நிறுத்தினார். அன்றைக்கு அம்மாதான் உள்ளே இருந்தாள், பொறாமைப்படத் தோன்றவில்லை. இப்போது மென்று விழுங்கிக்கொண்டு, "சரிப்பா, ஷைனியே பாக்கட்டும்" என்றேன்.

மறுநாள் காலை கட்டிலைச் சுற்றி இழுத்த திரைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது: "அச்சா, ஒந்நு திரிஞ்ஞு கிடக்கணே."

"ஏ பிள்ள, வெளிய நிக்கியா?" பெரியவர் என்னைத்தான் கூப்பிட்டார். "கட்டில்ல கெடக்கவன எங்க போய்த் திரியச் சொல்லுது?"

"திரும்பிப் படுக்கணுமாம், பெரியப்பா."

திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவள் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை அவளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு.