உறைந்துபோன உபயம்

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலை அன்னலட்சுமிக்கு ஒருவர் மேல் கோபம் வந்துவிட்டால் அது லேசில் இறங்காது. மழையில் தன்னை ஏற்றாமல் போன ஆட்டோக்காரன் இன்றைக்கு வலியக் கூப்பிட்டாலும் நடந்தேதான் போவாள். மாநகரசபைக் கவுண்டரில் வேலை பார்த்த காலத்திலும் அவளிடம் பார்த்துத்தான் வாய் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவளைப் போய் ஏமாற்றினான், சந்தியில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் தனபாலன்.

அவள் கணவர் திருச்செல்வத்துக்கு முதல் தடவை மாரடைப்பு வந்தபோது, தேங்காய் எண்ணெயையும் பாம் எண்ணெயையும் விட்டுவிட்டுச் சூரியகாந்தி எண்ணெயை அளவோடு சேர்க்கும்படி டாக்டர் சொன்னார். தனபாலன் பெரிய கேனிலிருந்து போத்தலில் ஊற்றி, தன் கடை லேபலை ஒட்டி விற்றான். அவள் அதையே வாங்கினாள். பொரியலைக் குறைத்தாள். ஒரு வடைக்காக மனுஷன் கெஞ்சினாலும் கொடுக்கமாட்டாள். அப்படியும் இரண்டாம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. நம்மால் ஆனதைச் செய்தோம் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதலும் மார்கழிக் குளிரில் போயிற்று. ஒரு காலையில் அடுப்படி ஜன்னலோரம் இருந்த சூரியகாந்திப் போத்தலில் பாதி வெள்ளையாக உறைந்து கிடந்தது. மகள் கிருஷாந்தி பல்லேகல பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை செய்பவள். போத்தலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, சூரியகாந்தி எண்ணெய்ல உறையிற கொழுப்பு நூத்துக்குப் பத்துப் பதினொண்ணுதான். கண்டிக் குளிருக்கு அது உறையாது. பாம் எண்ணெய்ல பாதி அந்தக் கொழுப்பு. தேங்காய் எண்ணெய்ல தொண்ணூறு கிட்ட. இதுல நல்லா பாம் எண்ணெய் கலந்திருக்கு."

"அப்போ இதுதான் ஒங்க அப்பாவக் கொன்னுச்சா?"

"அப்படிச் சொல்ல ஏலாதும்மா. எண்ணெய் மட்டுமே காரணமில்ல. சுகாதாரப் பரிசோதகர்கிட்ட குடுப்போம்."

"குடு. ஆனா மொதல்ல அவன் ஊருக்கு முன்னால நிக்கணும்."

மகள் சொன்ன நியாயம் அவளுக்குப் புரியாமல் இல்லை. அந்த நியாயம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கோயிலில் திருவெம்பாவைப் பூசை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விடியலும் ஒரு குடும்பத்தின் உபயம். தனபாலனுக்கு ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்பதென்றால் உயிர். அன்னலட்சுமி கடைக்குப் போய்ச் சிரித்துப் பேசினாள்.

"முதலாளி, அன்னதானத்துக்கு ஒங்க சூரியகாந்தி எண்ணெயையே உபயமா குடுங்களேன். லேபல் தெரியிற மாதிரி வாசல்ல அடுக்கி வைக்கிறோம்."

அவன் பூரித்துப்போனான். வந்த போத்தல்களை அவள் சாயங்காலமே கோயில் வாசலில் திறந்தவெளித் திண்ணையில் வரிசையாக வைத்தாள். பக்கத்தில், டவுனில் வாங்கிய சீல் உடைக்காத சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தல் ஒன்று.

விடியலில் பட்டு வேட்டியுடன் மனைவியோடு வந்தான். "இன்றைய சூரியகாந்தி எண்ணெய் உபயம், தனபாலன் முதலாளி குடும்பத்தார்" என்று ஒலிபெருக்கி முழங்கியது. சனம் வாசலைப் பார்த்தது. அவன் போத்தல்கள் எல்லாம் வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தன. பக்கத்துப் போத்தல் தெளிவாக இருந்தது.

"குளிருக்கு எண்ணெய் இப்படித்தான்க்கா" என்று இளித்தான்.

"அப்போ இது ஏன் உறையல?" என்று மற்றப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "சரி, ஒங்க எண்ணெய் நல்ல எண்ணெய்னே வச்சுக்குவோம். ஒங்க சம்சாரத்துக்கும் இருதய வருத்தமாமே. இத வீட்டுக்குக் கொண்டுபோய் அவங்களுக்குச் சமைச்சுப் போடுங்க."

"ஐயோ, அவளுக்கு இதக் குடுக்க ஏலாது! வீட்டுக்கு நாங்க வேற எண்ணெய்தான்..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் மனைவி அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தனியாகப் படி இறங்கிப் போனாள். அந்தப் பெண்ணுக்காக அன்னலட்சுமியின் மனம் சங்கடப்பட்டது. அவனுக்காக ஒரு துளியும் இல்லை.

அவள் ஒலிபெருக்கிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, உபயகாரர் பேர இன்னொரு தடவ சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."