ஆடும் வலையும் பார்த்துத் தேர்ந்த செடி

எழுபதுகளின் நடுவில், மாரி மழைக்குச் சற்று முன்னால், இறக்கக்கண்டி என்ற கடற்கரை ஊருக்குச் செடி நடப் போனேன். தெருப்போட மண் அள்ளியவர்கள் அங்கே கடற்கரை மேடு ஒன்றை மொட்டையாக்கிவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் மணல் சரிந்து, ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றில் விழும். அந்த மழைக்குள் மேட்டில் எதையாவது வேர்பிடிக்க வைக்காவிட்டால் கிணறு தூர்ந்துவிடும். விவசாய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை!

அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து வந்து காலை ஆறு மணி பஸ் பிடித்தேன். பத்து மைல் ஓட ஒரு மணித்தியாலம். பெட்டி நிறைய உடைவேல் கன்றுகள். முள் இருப்பதால் ஆடு கிட்ட வராது என்பது என் கணக்கு. இடைவெளி நிரப்பக் கொஞ்சம் ஆவரசும், அதாவது மஞ்சள் பூப் பூக்கும் ஆவாரைக் கன்றும், வைத்திருந்தேன். முள் குத்திய கோபத்தில் கொண்டக்டர், "இதுகளுக்கும் டிக்கட் எடுங்கோ" என்றார்.

கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியை, அண்ணன் முறையில், எல்லாரும் இஸ்மாயில் காக்கா என்றார்கள். அவருடைய வலை மேட்டில் விரித்துக் கிடந்தது. நான் என் பாட்டில் பெட்டியை அதன்மேல் வைத்தேன். எடுக்கும்போது வலையும் சேர்ந்து வந்தது. முள்ளைக் கழற்ற ஆறேழு பேர் குந்திக்கொண்டு முற்பகல் முழுக்கச் சிரித்தார்கள்.

"தம்பி, இதை ஆடு தின்னாது, ஓம். ஆனா இது என்ட வலையைத் தின்னுதே! நாங்க வலை காயப்போடுறது இந்த மேட்டிலதான்" என்றார் காக்கா. "பூவரசு நடுங்க. நிழலுக்கும் நல்லம்."

கிணற்றடியில் பழைய சீலைத் துணியால் மணல் போகத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, ஊருக்கே அக்காவான சுபைதா ராத்தா, திரும்பினார். "ரெண்டு பேரும் கதைச்சது போதும். என்ட ஆட்டைக் கேட்டுப் பாருங்க."

ஆட்டை அவிழ்த்துவிட்டார். காக்கா ஒடித்துவந்த பூவரசங்கிளையை அது காம்புவரை தின்று முடித்தது. ஆவரசை மோந்து, தும்மி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. காக்கா வலையின் ஒரு நுனியை ஆவரசின் மேல் போட்டு இழுத்தார். சிக்காமல் வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது, தட்டியும்விட்டேன்.

முதல் மழை விழுந்ததும் ஊரே சேர்ந்து நட்டது. கடல் பக்கத்தில் மணலைப் பிடித்து வைக்க அடம்பன் கொடி, மேட்டில் ஆவரசு.

கிளறிய வறண்ட நிலத்தில் செடி வைக்கப் போகிறவர்களே, மழைக்கு முந்திப் போய் ஒரு முழுநாள் சும்மா இருந்து பாருங்கள். அந்த நிலத்தில் யார் நடக்கிறார்கள், எது மேய்கிறது, எதைக் காயப்போடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு கன்றைத் தெரிவு செய்யுங்கள்.

அடுத்த வருசம் போனபோது மேடு மஞ்சளாய்ப் பூத்திருந்தது. பூவுக்கு மேலே வலை காய்ந்துகொண்டிருந்தது. ராத்தா கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி, வடிக்காமல் அப்படியே நீட்டினார். குடித்தேன், பல்லில் ஒரு மணல்கூடக் கடிபடவில்லை.

"வடிக்கிற துணி எங்க ராத்தா?"

"அதிலதான் பேரப்பிள்ளைக்கு ஏணை கட்டியிருக்கு தம்பி. சத்தம் போடாதீங்க, நித்திரை."