ஆபரேட்டரின் ஜிலேபிக் கெண்டைகள்

பெரம்பலூருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில், கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் கரி வடிகட்டி பொருத்தப் போனபோது அந்த ஆபரேட்டரைச் சந்தித்தேன். காதோரம் நரைத்தவர். சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் பொரி இருக்கும். சுத்திகரித்த நீர் விழும் தொட்டியில் ஜிலேபிக் கெண்டை வளர்த்தார். மீன் பிழைத்தால் தண்ணீர் நல்லது என்பது எங்கள் தொழிலில் பலருக்கும் உள்ள நம்பிக்கை.

"ஆனா ஒரு குஞ்சுகூட வரலைங்க சார்" என்றார்.

நோயாளிகள் விழுங்கும் மாத்திரைகளின் ஹார்மோன் மிச்சம் தண்ணீரில் தங்கிவிடும். மீன் சாகாது, ஆனால் இனப்பெருக்கம் நின்றுபோகலாம். அதை உறிஞ்சத்தான் இந்தக் கரி என்றேன்.

பொரி போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"இந்தப் பொரி எங்க வூட்டுக்காரி குடுத்து வுடறதுங்க. புள்ள இல்லாதவ கை பட்டுதான் மீனுக்கும் குஞ்சு இல்லைன்னு அழுவா." போனில் மனைவியை அழைத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

எத்தனையோ கூட்டங்களில் இதை விளக்கியவன் நான். "யாருங்க?" என்று அந்தப் பெண் கேட்டதும் ஒரு ரசாயனப் பெயரும் வாயில் வரவில்லை.

"கோளாறு தண்ணியிலதாம்மா. உங்க கையில ஒண்ணும் இல்ல."

ஆபரேட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையிலிருந்த பொரி முழுவதையும் தொட்டியில் கொட்டினார்.