ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் விஷ்னியா

சனிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது விஷ்னியா சூப்புக்கு நூடுல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தாள். மெல்லிசாகத் தேய்த்த மாவைச் சுருட்டி வைத்திருந்தாள். கத்தி தடதடவென்று ஓட, விரல்கள் அதற்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போயின. குரோஷியாவில் எங்கள் ஸ்லவோனியாப் பக்கம் சனிக்கிழமை எல்லா வீட்டிலும் இதே சத்தம்தான். மற்ற வீடுகளில் அந்தச் சூப்பை ஞாயிறு மத்தியானம் குடிப்பார்கள். இவள் வீட்டில் ராத்திரி. ஞாயிறு பகல் முழுவதும் இவளுக்கு சூப்பர் மார்க்கெட்டில் கல்லா வேலை.

வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. துணி ஆலையில் தையல் வேலை பார்த்தாள், ஆலையை மூடிவிட்டார்கள். புருஷன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான், அங்கேயே வேறு குடும்பம் அமைந்துவிட்டது. மகன் அயர்லாந்தில் கோழி வெட்டும் ஆலையில் இருக்கிறான். இதையெல்லாம் அவள் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வாள். அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டில் மிச்சமிருந்தது படுக்கையோடு கிடந்த தாயார் லூட்சா. நினைவு தப்பிப்போன கேஸ். எங்கள் பங்குக் கோயிலின் முதியோர் பராமரிப்பிலிருந்து நான் போய் உடம்பு துடைப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன், துணி மாற்றுவேன். சாப்பாடு மட்டும் என் கையால் இறங்காது. ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். மகள் கொடுத்தால் திறப்பாள். வார நாட்களில் கல்லாவில் இரண்டு பேர் இருப்பதால் விஷ்னியா இடைவேளையில் ஓடி வந்து ஊட்டிவிட்டுப் போவாள். ஞாயிறன்று கல்லாவில் இவள் ஒருத்திதான், நகர முடியாது. கிழவி நாள் முழுக்கப் பட்டினி.

"ஞாயித்துக்கிழமை எறங்குற எடை அடுத்த ஞாயிறு வரைக்கும் ஏறல," என்று அன்றைக்குச் சொன்னேன். "இப்படியே போனா ஈஸ்டர் வரைக்கும் தாங்காது."

"தெரியும் யான்யா அக்கா," என்றாள். நூடுல்ஸ் மேல் மாவைத் தூவினாள்.

மறுநாள் பூசையில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பற்றித்தான் பிரசங்கம். ஐரோப்பா முழுக்க ஞாயிறன்று கடைகளை மூட வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும் மனு கோயில் வாசலில் மேசைமேல் இருந்தது. பூசையில் பைபிள் வாசகம் வாசித்தவர் விங்கோ, சூப்பர் மார்க்கெட் மேனேஜர். முதல் கையெழுத்தும் அவருடையதுதான். போட்டுவிட்டு நேரே கடைக்குப் போனார்.

கத்தோலிக்க ஆயர்களின் பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்திலிருந்து போர்னா என்றொரு தம்பி வந்திருந்தார். சாக்ரெப் ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். ஞாயிறன்று வேலை பார்க்கிறவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூட்டம். வந்திருந்தவர்கள் ஓய்வு பெற்ற வாத்தியார்கள், பாடகர் குழு, கேக் சுட்ட பெண்கள்.

போர்னா சுற்றிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வேலை பாக்குறவங்க யாரும் வரலையா?"

"எப்படி வருவாங்க?" என்றாள் கேக் சுட்ட ஸ்லாட்டா. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, வேலைல இருக்காங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூட்டத்துக்கு இந்தத் தேதியைக் குறித்த பங்குச் சாமியார் மேசை விரிப்பை நீவி விட்டுக்கொண்டார். அதற்குள் ஸ்லாட்டாவுக்குக் கேக்கில் தடவ கிரீம் போதவில்லை என்று ஞாபகம் வந்தது. "யான்யா, கடைல ஒரு டப்பா வாங்கிட்டு வந்துடேன்," என்றாள். நான் கோட்டை மாட்டினேன். போர்னாவும் எழுந்தார். "நானும் வரேன்மா. அவங்க வர முடியலன்னா நாமதானே போகணும்."

கடையில் வரிசை கதவு வரை நின்றது. பாதிப் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். போர்னா ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முறை வந்ததும் தன்னைப் பற்றிச் சொல்லி, "ஞாயித்துக்கிழமை வேலையால உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்.

"எங்கம்மா சாப்பிட மாட்டேங்குது," என்றாள் விஷ்னியா. "நான் குடுத்தாத்தான் சாப்பிடும். பை வேணுமா?"

"வேண்டாம். மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?"

"பின்னாலதான் நிக்கிறாரு, நீங்களே கேளுங்க."

பூசைக்குப் போட்ட அதே கோட்டோடு விங்கோ நின்றிருந்தார். முகம் சிவந்துபோனது. "நான் கையெழுத்துப் போட்டது எல்லாரும் மூடணும்னு சார். நான் மட்டும் மூடினா எதிர்க்கடைக்காரன் தொறப்பான். அடுத்த மாசம் இந்தக் கடையே இருக்காது."

"அதனாலதான் எல்லாருக்கும் ஒரே சட்டம் வேணும்னு கேக்குறோம்," என்றார் போர்னா.

"அது எப்போ வரும்?" என்றாள் விஷ்னியா.

"நேர்மையா சொல்லணும்னா, வருஷக்கணக்காகலாம்."

அவள் தலையசைத்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "விஷ்னியா கண்ணு, சட்டம் வர்றதுக்குள்ள என் சூப்பு எலும்பு நாறிடும்மா!" அவர் எலும்புக்குப் பில் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் விங்கோ பக்கம் திரும்பினாள்.

"குடோன்ல இருந்த பையன் டப்ளினுக்குப் போயிட்டான்ல. அந்த வேலைக்கு ஞாயிறு லீவுதானே? எனக்குக் குடுங்க."

"அது ஆம்பள வேலைம்மா. மாவு மூட்டை, தண்ணி பாட்டில் பெட்டி. விடியறதுக்கு முன்னாடியே லாரி வந்துடும். சம்பளமும் கம்மி."

"தெனமும் எங்கம்மாவைத் தூக்குறேன். மூட்டை திருப்பித் திட்டாது."

"முழங்காலை மடக்கித் தூக்கத் தெரியும் அவளுக்கு. நான்தான் கத்துக்குடுத்தேன்," என்றேன் நான். பொய்யில்லை. ஆனாலும் அவள் முதுகு ஏற்கெனவே நல்ல நிலையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். முதுகு போனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கிழவியின் எடைக்கு அவகாசம் இல்லை.

விங்கோ போர்னாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். வரிசையில் எல்லாரும் தங்கள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைலேர்ந்தா?"

"நாளைலேர்ந்து."

"அப்ப ஞாயித்துக்கிழமை கல்லாவுக்கு?"

"லியூபாவைத்தான் கூப்பிடுவீங்க," என்றாள் விஷ்னியா. வார நாட்களில் கூட இருக்கும் இன்னொரு கல்லாக்காரி அவள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். 

போர்னா நோட்டை எடுத்தார். "உங்க பேரைப் போடலாமா?"

"வேண்டாம் தம்பி. கல்லாவுல ஒருத்தின்னு போடுங்க. அடுத்த வாரம் யார் உக்காந்தாலும் பொருந்தும்." சாக்லேட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

கிரீம் டப்பாவோடு மண்டபத்துக்குத் திரும்பினோம். கூட்டத்தில் நல்ல கேள்விகள் கேட்டார்கள், அவரும் நன்றாகவே பதில் சொன்னார். கேக்கும் நன்றாக இருந்தது.

அன்று ராத்திரி போய் விஷ்னியாவிடம் வீட்டுச் சாவி வாங்கினேன், இனிமேல் காலையில் நான் வரும்போது அவள் இருக்க மாட்டாள். சந்தோஷமா என்று கேட்கவில்லை. சூப்பைச் சூடு பண்ணித் தாயாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள், கிழவி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். நான் போய்க் கிழவியைத் துடைத்து, இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். இடைவேளைக்கு விஷ்னியா வந்தாள். தலைமுடியெல்லாம் மாவு, நடையில் ஒரு பக்கச் சாய்வு. கை கழுவினாள். ரவைக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். கிண்ணத்தில் பாதி இறங்கியது. தாயாரின் வாயைத் துடைத்துவிட்டு, தண்ணீர்ப் பெட்டி லாரி காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். மிச்சத்தை நானும் கொடுத்துப் பார்த்தேன். வாங்கவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.