மூலக்கொத்தளத்து வேகம்

இயந்திரம் நின்றுபோன பெரிய கப்பல் ஒன்று கரையை நோக்கி மிதந்து வந்தால், அதை இழுத்து நிறுத்த யார் வருவார்கள்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மாதக்கணக்கில் அலைந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாட்டின் கடலோரத்தில் அவசர இழுவைக்கும், எண்ணெய் கொட்டினால் தடுத்து அள்ளுவதற்கும் என்ன வசதி இருக்கிறது என்று மதிப்பிடும் குழுவில் நான் ஒருத்தி. காலடிப்பேட்டைக்காரி என்பதால் வடசென்னையை என் தலையில் கட்டினார்கள். புகையும் புழுதியும் கன்டெய்னர் லாரியும் எனக்குப் பழக்கமாம். பழக்கம்தான், பிடிக்கும் என்று யார் சொன்னது?

ஓர் அலுவலகத்தில் இழுவைப்படகு இருந்தது. ஆனால் அது காலை முதல் மாலை வரை கப்பல்களைத் துறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு வேறு இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் திரும்ப இங்கேயே கையைக் காட்டினார்கள். டீ மட்டும் எல்லா இடத்திலும் உடனே வந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இங்கே அண்டா யாருடையது என்பதே முடிவாகவில்லை. இழுவைப்படகு ஒன்றை இதற்கென்றே தயாராக நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். சண்டை வந்தது பூம் விஷயத்தில்.

பூம் என்பது தண்ணீரில் மிதக்கும் நீளமான ஆரஞ்சு நிறத் தடுப்பு. இரண்டு படகுகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் போனால் நடுவே எண்ணெய் சிக்கிக்கொள்ளும். அது தொலைவில் ஒரு கிடங்கில் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்வதற்குள் எண்ணெய் ஆற்றுக்குள் போய்க் குடித்தனமே வைத்துவிடும். ஆழமில்லாத அந்த இடத்துக்குப் பெரிய படகும் வராது. பூம் முகத்துவாரத்திலேயே இருக்கட்டும், பக்கத்து மீனவர் குப்பத்து ஃபைபர் படகுகளே இழுக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கேப்டன், வெளியூர்க்காரர். “ஒத்திகை நடத்திக் காட்டுங்கள். முடியாவிட்டால் பூம் கிடங்கிலேயே இருக்கட்டும்” என்றார்.

ஒத்திகைக்கு யாரும் நிஜ எண்ணெயைக் கொட்ட மாட்டார்கள். மிதக்கிற ஏதாவது ஒன்றைத் தூவுவார்கள். நாங்கள் பொரியைத் தேர்ந்தெடுத்தோம். வண்ணாரப்பேட்டையில் மூட்டை மூட்டையாக வாங்கப் போனபோது கடைக்கார பாய், “இன்னாம்மா, வூட்ல விசேஷமா?” என்றார்.

“இல்ல பாய், இது எண்ணெய்.”

அவர் பொரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வெயில் ஜாஸ்தியா கீது, ஜாக்கிரதையா போம்மா” என்றார்.

ஒத்திகையன்று முகத்துவாரத்துக்கு உள்ளே, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு அம்மா இறால் தடவிக்கொண்டிருந்தாள். வலை கிடையாது. சேற்றில் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பின்னிய கூடை ஒன்றில் போடுவாள். அதைப் பறி என்பார்கள், அதன் வாய் விளிம்பைப் பல்லால் கடித்தபடியே வேலை செய்வாள். முன்பு ஒரு தடவை எண்ணெய் கொட்டி ஆற்றுக்குள் வந்தபோது வெகுகாலம் அவளால் ஆற்றில் இறங்க முடியவில்லை. “திரும்பியும் வந்துச்சின்னா நான் எங்க போவேன்? எனக்கு இந்தக் கையும் இந்தத் தண்ணியும்தான் மே” என்று நான் முதன்முதலாக அங்கே போன நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு எனக்கு மறக்கவே இல்லை. என் பிடிவாதத்தில் பாதி அவளுடையது.

பொரியைத் தூவினோம். அலை அதை உள்நோக்கித் தள்ளியது. இரண்டு படகுகளும் பூமை இழுத்தபடி கிளம்பின. முன்படகை ஓட்டியவன் காசிமேட்டில் வளர்ந்து குப்பத்தில் பெண் எடுத்தவன். காசிமேட்டில் முதலில் வந்த படகின் மீனுக்குத்தான் ஏலத்தில் மவுசு. அந்த ரத்தம் சும்மா இருக்குமா? எஞ்சினை ஒரு முறுக்கு முறுக்கினான், அடுத்த படகும் விடவில்லை. இழுத்த வேகத்தில் பூம் தண்ணீருக்குள் முழுகி, பொரியெல்லாம் அதன் மேலேயும் கீழேயும் தப்பித்து ஆற்றுக்குள் போனது. காக்காய்க்கும் நாரைக்கும் அன்றைக்குத் தீபாவளி. கரையில் நின்ற நான் தலையில் கை வைத்தேன்.

இறால்காரி தன் இடுப்பைச் சுற்றி மிதந்த பொரியை ஒரு கை அள்ளி என்னிடம் காட்டினாள். “இத்து எண்ணெயா இருந்திருந்தா இன்னிக்கே என் கதை முடிஞ்சிருக்கும்ல?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு, “நல்ல முயற்சி. ஆனால் இவர்களை நம்பி எழுத முடியாது” என்றார். இன்னொரு தடவை, கடைசித் தடவை என்று கெஞ்சினேன். ஒரு மூட்டைதான் மீதி இருந்தது; ஆற்றுக்குள் போனதைப் பறவைகள் அதற்குள் தின்று தீர்த்திருந்தன. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

படகுக்காரனைக் கூப்பிட்டு, மெதுவாகப் போகச் சொன்னேன்.

“மெதுவாத்தானே யக்கா போனேன்!”

“அதுல பாதி.”

“பாதின்னா?”

“நடக்குற ஸ்பீடு. அதுக்கும் கீழ.”

“படகு எங்கக்கா நடக்கும்?”

எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் கோபம். அது அப்போது வாய்க்கு வந்துவிட்டது. “மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் பொணம் தூக்கிகினு போற மாதிரி போய்யா!” என்று கேப்டன் முன்னாலேயே கத்தினேன்.

கடலுக்குப் போகிறவனிடம் பிணத்தைப் பற்றிப் பேசலாமா? நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் மிகுந்த அக்கறையோடு கேட்டான்.

“ஆட்டத்தோட போற பொணமா யக்கா, ஆட்டம் இல்லாத பொணமா?”

“ஆட்டத்தோட” என்றேன்.

“அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா? மாமு, ஆட்டத்தோட!” என்று அடுத்த படகுக்குக் குரல் கொடுத்தான். அந்தப் படகில் இருந்தவன் உடனே காலி டீசல் கேனைக் கவிழ்த்து வைத்துச் சாவு மேளம் அடிக்க ஆரம்பித்தான். கடைசி மூட்டையைத் தூவினோம். ஊர்வலத்தில் ஆடுகிறவர்கள் நாலடி முன்னே வைத்து இரண்டடி பின்னே வைப்பார்கள் அல்லவா, படகுகள் ஏறக்குறைய அப்படித்தான் நகர்ந்தன. பூம் நிமிர்ந்து மிதந்தது. பொரி அதன் மடியில் வெள்ளையாகச் சேர்ந்தது. கேப்டன் கையடக்க வேகமானியைப் படகுகளை நோக்கிப் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். “நாங்கள் இந்த வேகத்தைத்தான் பயிற்சி வகுப்பில் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுப்போம்” என்றார். அவர் கால் மேளத்துக்குத் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

ஆனாலும் அவர் லேசில் விடவில்லை. ஆற்றுக்குள் எவ்வளவு பொரி போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் முடிவு சொல்வேன் என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கரையோரமாக ஓடினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறெந்தச் சாமியும் நினைவுக்கு வரவில்லை, பொரியைத்தான் கும்பிட்டேன்.

“இன்னா வந்துச்சி?” என்று இறால்காரியைப் பார்த்துத் தூரத்திலிருந்தே கத்தினேன்.

அவள் பல்லில் கடித்திருந்த பறியைக் கையில் எடுத்தாள். சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

“ஒண்ணியும் வர்ல மே!”

நான் திரும்பிப் பார்த்தேன். கேப்டன் கையை உயர்த்தி, “பூம் இங்கேயே இருக்கட்டும்!” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இறால்காரி பறியைச் சாய்த்து எனக்குக் காட்டினாள். உள்ளே இறால் மட்டும்தான் துள்ளிக்கொண்டிருந்தது.