மானை வழிமொழிந்தது

எங்கள் கல்லூரியின் பழைய சின்னம் ஆந்தை. கிரிக்கெட் போட்டிகளில் எதிரணிப் பெடியள் அதைப் போல அலறிக் காட்டியதால், புதிதாக ஒன்றைத் தெரிவு செய்யப் பழைய மாணவர் சங்கம் கூடியது. மாசி மாதத்து மூன்றாம் ஞாயிறு. பத்து மணிக்கென்று அறிவித்த கூட்டம் பத்தேமுக்காலுக்குத் தொடங்கியது. நான் செயலாளர். பதினொரு வருடமாகக் கூட்டக் குறிப்புகளை எழுதி வருகிறேன்.

"சிங்கத்தை வைப்பமே?" என்றார் பொருளாளர்.

"அது ஏற்கெனவே நாட்டுக் கொடியில வாளோட நிக்குது," என்றார் தலைவர்.

"அப்ப மற்றது, வரி போட்டது..."

"மற்றதின்ர பேரை எடுத்தீரெண்டால் நான் இப்பவே எழும்பிப் போயிடுவன்."

எல்லோரும் சிரித்தோம். கதவு சாத்தியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே மான் நின்றது. இந்த ஊரில் மான்கள் பஸ் நிலையத்திலும் படுத்திருக்கும். ஆனால் இது கல்லூரிக் காவலாளியின் மான். இடது காது கிழிந்த பெண் மான். நான்கு வருடமாகக் காலை ஆறரைக்குக் கோட்டைப் பக்கமிருந்து வந்து, அவர் கையிலிருந்து வாழைப்பழத் தோல் தின்னும். மனைவி போன பிறகு காவலறையிலேயே தங்கிவிட்டவர் அவர். அவர் வாய்விட்டுப் பேசுவது அதோடு மட்டுந்தான்.

மானே சின்னம் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. விளையாட்டுப் போட்டியன்று அந்த மானுக்கே மாலை போட்டு அணிவகுப்பின் முன்னால் நடத்த வேண்டுமென்று தலைவர் முன்மொழிந்தார். யாரும் எதிர்க்கவில்லை, வழிமொழியவுமில்லை. ஆளாளுக்குக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வழிமொழிந்தவர்" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆளில்லையென்றால் பிரேரணை விழுந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு வரியையும் நான் அரைகுறையாக விட்டதில்லை. "செயலாளர்" என்று எழுதி, வாயாலும் சொன்னேன். நிறைவேறியது.

மறுநாள் காவலாளி என்னைத் தேடி வந்தார்.

"சேர், அதுக்கு பாண்ட் மேளச் சத்தம் ஏலாது. வெடிச் சத்தம் கேட்டாலே மூண்டு நாளைக்கு வராது. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. உங்கட கதையைக் கேப்பினம்."

"தீர்மானமாப் போச்சு. அடுத்த கூட்டத்திலதான் மாத்தலாம்."

"அது எப்ப?"

"போட்டி முடிஞ்ச பிறகு."

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "எந்த விசரன் சேர் இதுக்கு ஓமெண்டவன்?"

நான் குறிப்புப் புத்தகத்தை மூடி மேசைக்குள் வைத்தேன். அன்று மாலை தலைவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "நீர்தானே வழிமொழிஞ்சனீர்?" என்று சிரித்தார்.

போட்டியன்று மான் வேறு யார் பின்னாலும் வராது என்பதால் காவலாளியையே கூட்டிவரச் சொன்னார்கள். மைதானத்தின் பாதிவரை வந்தது. பாண்டின் முதல் மேளம் அடித்ததும் அவரைத் தள்ளி விழுத்திவிட்டு, மாலையோடு வாசலைத் தாண்டித் துறைமுக வீதியில் லொறிகளுக்கிடையே ஓடியது. அடிபட்டதாக யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்ததாகவும் சொல்லவில்லை. அவர் கோட்டையிலும் கடற்கரையிலும் தேடினார். நான் தினமும் ஆறரைக்கு வாசலுக்குப் போய், வந்து நாட்குறிப்பில் "வரவில்லை" என்று எழுதினேன். அதைத் தவிர எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் வழக்கப்படி முந்திய குறிப்பை வாசிக்க எழுந்தேன். காவலாளி தேநீர்த் தட்டத்தோடு உள்ளே வந்தார். "வழிமொழிந்தவர்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"வாசியும், வாசியும்," என்றார் தலைவர்.

"செயலாளர்."

காவலாளி என் முன்னால் கோப்பையை வைத்தார். வழக்கம்போலச் சீனி போடாத தேநீர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குறிப்பு சரிதானே?" என்று தலைவர் கேட்டார். சரியென்று வழிமொழிய இம்முறை நான்கு பேர் கை தூக்கினார்கள். நான் கையெழுத்து வைத்து, கீழே தேதியும் போட்டேன்.